நெடிலுக்கு உருத் தந்தவர்

நுழையும்முன்

ஓலைக்கு ஏற்ற வடிவம், கல்லுக்கு ஏற்ற வடிவம், அச்சுக்கு ஏற்ற வடிவம் எனத் தமிழ் எழுத்து தன் உருவைப் பலமுறை மாற்றிக்கொண்டுள்ளது. இன்று அது கணினிக்குள் உருவமே இல்லாத எண்ணாக வாழ்கிறது. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன், எழுத்தாணி பிடித்த துறவி ஒருவர் நான்கு குறிகளில் செய்த மாற்றம் அந்த எண்வரிசையிலும் இடம்பெற்றிருக்கிறது. அத்துறவியின் வாழ்வையும் அம்மாற்றம் கடந்துவந்த வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆண்டிபட்டியில் வாழும் மாணவி ஒருவர், கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தில் தம் முகவரியைக் கைப்பேசி வழியாகத் தமிழில் உள்ளிடுகிறார் எனக் கொள்வோம். ஊர்ப்பெயரை அடுத்து மாவட்டத்தின் பெயரான ‘தேனி’ என்பதை அவர் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிபவை இரண்டே எழுத்துகள். கைப்பேசியோ அப்பெயரை 2980, 3015, 2985, 3007 என்னும் நான்கு எண்களாக நினைவில் வைக்கிறது. இவற்றுள் 2980 என்பது ‘த’. 2985 என்பது ‘ன’. 3007 என்பது இகரத்தைக் காட்டும் மேல்விலங்கு. எஞ்சிய 3015, ஏகாரத்தைக் காட்டும் இரட்டைக் கொம்பு. விரல் தவறி ஒற்றைக் கொம்பு விழுந்துவிட்டால் அந்த எண் 3014 ஆகிவிடும். குறைவது ஒன்றே ஒன்று; ஆனால் தேன் மணக்கும் ஊர்ப்பெயர் ‘தெனி’ எனப் பொருளற்றுப் போய்விடும். விண்ணப்பத்தைப் படிக்கும் மனிதர் ஒருவேளை பிழையைத் தாமே திருத்திக்கொள்வார். பெயரைப் பட்டியலில் தேடும் கணினி அவ்வாறு செய்வதில்லை. அதற்கு 3014 வேறு, 3015 வேறு.

இந்த இரண்டு கொம்புகளும் ஒரு காலத்தில் ஒன்றாகவே இருந்தன. அவற்றை இரண்டாகப் பிரித்துத் தந்தவர் வீரமாமுனிவர்.

இத்தாலியிலிருந்து தமிழகத்திற்கு

இத்தாலி நாட்டின் மாந்துவா பகுதியைச் சேர்ந்த காஸ்திக்கிலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளமையிலேயே இயேசு சபையில் சேர்ந்து துறவு பூண்டார். இலத்தீன் முதலிய மொழிகளில் தேர்ச்சி பெற்றார். சமயப் பணிக்காகக் கடல் கடந்து 1710ஆம் ஆண்டு கோவாவை அடைந்து, அங்கிருந்து தமிழகம் வந்தார். மதுரையை நடுவமாகக் கொண்டு இயங்கிய சமயப்பணிக் களத்தில், தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு வழியை வகுத்திருந்தார். இந்நாட்டு மக்களோடு பேச வேண்டுமெனில் அவர்களைப் போல் உடுத்து, அவர்களைப் போல் உண்டு, அவர்கள் மொழியைப் புலவரிடம் முறையாகக் கற்க வேண்டும் என்பதே அவ்வழி. பெஸ்கியும் அதனையே பின்பற்றினார். காவி உடுத்தார், புலால் தவிர்த்தார். தம் பெயரைத் தைரியநாதர் என முதலில் மாற்றிக்கொண்டார். அப்பெயரே பின்னர்த் தூய தமிழில் வீரமாமுனிவர் என வழங்கலாயிற்று.

சுப்ரதீபக் கவிராயரிடம் அவர் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். காமநாயக்கன்பட்டியிலும், பின்னர்த் திருக்காவலூர் என அவர் பெயரிட்ட ஏலாக்குறிச்சியிலும் தங்கிப் பணியாற்றினார். முப்பது வயதில் ஒரு புதிய மொழியின் அரிச்சுவடியைக் கையிலெடுத்தவர், 1726ஆம் ஆண்டளவில் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணி என்னும் காப்பியத்தைத் தமிழில் இயற்றி முடித்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அறிவுக் குறை கொண்ட குருவையும் அவரினும் மேம்பட்ட சீடர்களையும் வைத்து அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை, தமிழில் எள்ளல் உரைநடைக்கு முன்னோடியாக அமைந்தது. திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தாசாகிப், இவருடைய எளிய துறவு வாழ்வைக் கண்டு இஸ்மத் சன்னியாசி என்னும் பட்டம் அளித்தார் என்பர்.

இவை யாவும் பலரும் அறிந்த செய்திகள். இவற்றைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒரு செயலை, நாம் ஒவ்வொரு நாளும் கை நோகாமல் பயன்படுத்திக்கொண்டே மறந்துவிட்டோம்.

ஓலையும் புள்ளியும்

வீரமாமுனிவர் கற்ற தமிழ் அச்சிட்ட தாளில் இல்லை, பனையோலையில் இருந்தது. ஏடுகளைத் தேடிச் சென்று தொகுப்பதில் அவர் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஏட்டைக் கையிலெடுத்ததும் எதிர்ப்படும் முதல் இடர், அங்கே புள்ளிகள் இல்லை என்பதுதான்.

புள்ளி இலக்கணத்தில் இருந்தது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும், எகரமும் ஒகரமும் குறிலாக நிற்கும்போது புள்ளி பெறும், நெடிலாயின் பெறா. தொல்காப்பியர் வகுத்த இந்நெறியை நன்னூலாரும் வழிமொழிந்தார். ஆனால் எழுத்தாணியின் கூர்முனை ஓலையில் கோடும் வளைவும் இழைக்க இசைந்ததேயன்றிப் புள்ளி குத்த இசையவில்லை. அழுத்திக் குத்தினால் ஓலை துளைபடும், நாளடைவில் கிழியும். ஆகவே ஏடெழுதுவோர் புள்ளியைக் கைவிட்டனர். அதன் விளைவாக எரியும் ஏரியும் ஏட்டில் ஒரே தோற்றம் கொண்டன. தென் திசையும் கொம்புத்தேனும் ஒன்றாயின. கொடு என்னும் ஏவலுக்கும் கோடு என்னும் மலைமுகட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

கற்ற புலவருக்கு இது பெருந்தடையாக இல்லை. பாட்டில் யாப்பு துணை செய்தது. ‘எரி’ என்பதில் இரு குறில்கள் இணைந்து ஒரு நிரையசை ஆகும். ‘ஏரி’ என்பதில் நெடில் தனித்து நின்று நேரசையும், அடுத்த குறில் மற்றொரு நேரசையும் ஆகும். எனவே தளை எங்கே தட்டுகிறது என்று பார்த்து, இவ்விடத்தில் நிற்பது எகரமா ஏகாரமா என அவர் தெளிந்துகொள்வார். பொருளும் துணை நிற்கும். மனப்பாடமும் துணை நிற்கும். சுருங்கச் சொன்னால், ஏட்டில் எழுதப்படாத பாதியைப் படிப்பவர் தம் நெஞ்சிலிருந்து இட்டு நிரப்பினார். பிற்காலத்தில் சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் புள்ளியில்லா ஏடுகளோடு பட்டபாடு பெரிது. அவரைப் போன்ற ஆழ்ந்த புலமையுடையார்க்கே அது பாடாயிற்று எனில், புதிதாகக் கற்க வருவோரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ!

வீரமாமுனிவர் இரு பக்கத்தையும் அறிந்தவர். யாப்பறிந்து காப்பியம் செய்யும் புலமை அவருக்கு இருந்தது. அரிச்சுவடி கற்கும் அயலாரின் இடர்ப்பாட்டையும் அவர் தாமே கடந்து வந்திருந்தார். அதனினும் மேலாக, அவர் உரைநடை எழுதினார். உரைநடையில் தளையும் இல்லை, தொடையும் இல்லை. படிப்பவருக்கு யாப்புக் கைகொடுக்காத இடத்தில், எழுத்தே தன்னைத் தான் காட்டிக்கொள்ள வேண்டும்.

அவர் செய்த தீர்வு எளிமையானது. பழைய நெறி குறிலுக்கு அடையாளம் இட்டது. இவர் நெடிலுக்கு அடையாளம் இட்டார். ‘எ’ என்பதன் கீழே ஒரு சாய்கோடு இழுத்து ‘ஏ’ ஆக்கினார். ‘ஒ’ என்பதன் அடியில் ஒரு சுழி சேர்த்து ‘ஓ’ ஆக்கினார். உயிர்மெய்யில் கொம்பின் தலையை மேலும் சுழித்து இரட்டைக் கொம்பு ஆக்கினார். அதனால் ‘கெ’ வேறு, ‘கே’ வேறு ஆயின. அக்கொம்போடு கால் சேர்ந்தபோது ‘கொ’ வேறு, ‘கோ’ வேறு ஆயின. இட்ட அடையாளங்கள் கோடும் சுழியும் என்பதைக் கருத வேண்டும். எழுத்தாணி ஓலையை விட்டு எழாமலே அவற்றை இழைக்கலாம், ஓலை துளைபடாது. அயல்நாட்டவர் ஒருவர் பனையோலையின் இயல்பறிந்து செய்த திருத்தம் இது.

அகரமுதலியும் அச்சும்

திருத்தம் செய்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மொழியைக் கற்போர் எளிதில் அணுகுவதற்கான கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730இல் இயற்றினார். குட்டித் தொல்காப்பியம் என்று அதனைப் போற்றுவர். 1732இல் சதுரகராதி வெளிப்பட்டது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்தமையால் அது சதுரகராதி ஆயிற்று.

அதற்கு முன் சொற்பொருள் அறியப் பெரிதும் நிகண்டுகளே துணை நின்றன. அவை பாவடிவில் அமைந்தவை. ஒரு சொல்லின் பொருள் வேண்டுவோர் அந்நிகண்டை மனத்தில் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது ஏற்றியவரைத் தேடிப் போக வேண்டும். அகரவரிசையோ மனப்பாடத்தை வேண்டுவதில்லை. எழுத்துகளின் முறை தெரிந்தால் போதும், எவரும் சொல்லைத் தாமே கண்டுகொள்ளலாம். நெடிலுக்கு வடிவம் தந்த மனமும் சொற்களை அகரவரிசையில் நிறுத்திய மனமும் ஒன்றே என்பதைக் காண்கிறோம். கற்றவர் நெஞ்சில் மட்டும் இருந்ததை அவர் ஏட்டின் மேல் கொண்டுவந்து வைத்தார்.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியைக் குறிப்பிடலாம். தரங்கம்பாடியில் அச்சகம் நடத்திய லுத்தரன் சபையாரோடு வீரமாமுனிவர் கடுமையான சமயச் சொற்போர் நிகழ்த்தினார். அவர்களை மறுத்து நூல்களும் எழுதினார். ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சேற்றியது அதே தரங்கம்பாடி அச்சகந்தான். கொள்கையில் மாறுபட்டோரும் அவருடைய இலக்கணம் இன்றித் தமிழ் கற்க இயலாது என்பதை அறிந்திருந்தனர்.

வாழ்வின் இறுதிக் காலத்தில் அவர் தமிழகத்தின் தென்கோடிக்கும், பின்னர்க் கேரளத்தின் அம்பலக்காட்டுக்கும் சென்றார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அங்கேயே மறைந்தார். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் அவர் சிலையும் ஒன்று.

அவர் வகுத்த ஏகார ஓகார வடிவங்கள் அவர் வாழ்நாளிலேயே எங்கும் பரவிவிடவில்லை. பழகிய கை எளிதில் மாறாது. அச்சுக்கலை வளர்ந்து, ஈயத்தில் வார்த்த எழுத்துகள் ஊர்தோறும் ஒரே வடிவில் சென்று சேர்ந்தபோதே அவை நிலைபெற்றன. ஏட்டை நீங்கித் தாளுக்கு வந்த தமிழில் மெய்யின் புள்ளியும் மீண்டது. எனினும் குறில் எகரத்தின் தலையில் இருந்த புள்ளி மீளவில்லை. அதன் பணியைத்தான் நெடிலின் சுழி ஏற்றுக்கொண்டுவிட்டதே!

எண்ணாகிய எழுத்து

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. மின்னோட்டம் உண்டு, இல்லை என்னும் இரண்டு நிலைகளே அதற்குத் தெரியும். அவற்றை 1 எனவும் 0 எனவும் குறிக்கிறோம். இத்தகைய ஓர் இடத்திற்கு ‘பிட்’ என்று பெயர். ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். நெசவுக் குடும்பத்து மாணவர்க்கு இந்த உண்டு, இல்லை என்னும் கணக்குப் புதிதன்று. ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவுநூல் மேலெழும். துளை இல்லையேல் எழாது. துளையும் துளையின்மையும் மட்டுமே கொண்ட அட்டைகளிலிருந்து சேலையில் பூவும் கொடியும் தோன்றுகின்றன. அவ்வாறே 0, 1 ஆகியவற்றின் அடுக்கிலிருந்து எழுத்துகளும் தோன்றுகின்றன.

இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று யாரேனும் வரையறுக்க வேண்டும். அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் தரம் 7 பிட்டுகளைக் கொண்டு 128 இடங்களை வகுத்தது. ஆங்கிலத்தின் முதற்பெரிய எழுத்து 65 என்னும் எண்ணைப் பெற்றது. அந்த 128க்குள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் அடங்கின; தமிழுக்கு இடமில்லை. எட்டாவது பிட்டைச் சேர்த்துக் கிடைத்த மேலும் 128 இடங்களில் 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்களைச் செய்தோர் தமிழை அமர்த்தினர். ஆனால் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய முறையில் அமர்த்தினர். ஓர் எழுத்துருவில் ‘க’ இருந்த எண்ணில் மற்றோர் எழுத்துருவில் ‘ழு’ இருக்கும். சென்னையில் எழுதி அனுப்பிய மடல் சிங்கப்பூரில் திறக்கப்படும்போது பொருளற்ற குறிக்குவியலாகத் தோன்றும். மடலோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பிய காலம் அது. புள்ளியில்லா ஏட்டைப் படித்தவர்க்கு யாப்பேனும் துணை நின்றது. இக்குறிக்குவியலைப் படிக்க அதுவும் இல்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடினர். சிங்கப்பூரில் முன்னின்றவர்களுள் ஒருவர், இணையத்தில் தமிழைக் கொணர உழைத்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. மற்றொருபுறம், உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை வேண்டும் என்னும் நோக்கில் உருவான ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

அந்த எண்வரிசையில் வீரமாமுனிவரின் தடம் உள்ள இடங்களைக் காண்போம். எ 2958, ஏ 2959. ஒ 2962, ஓ 2963. ஒற்றைக் கொம்பு 3014, இரட்டைக் கொம்பு 3015. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி 3018, ஓகாரக் குறி 3019. நான்கு இணைகளிலும் குறில் இரட்டைப்படை எண். நெடில் அதனை அடுத்த ஒற்றைப்படை எண். இரும எண்ணில் 3014ஐ 101111000110 எனவும் 3015ஐ 101111000111 எனவும் எழுதுவோம். பன்னிரண்டு இடங்களில் பதினொன்று ஒத்திருக்க, கடைசி இடம் மட்டும் வேறுபடுகிறது. அங்கே 0 நின்றால் குறில். 1 நின்றால் நெடில். (அ, ஆ முதலிய பிற இணைகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. ‘அ’ 2949 என்னும் ஒற்றைப்படை எண்ணைப் பெற்றுள்ளது.) எண்களை அமர்த்தியோர் இதனைக் கருதிச் செய்தனர் என்பதற்கில்லை, வரிசை அவ்வாறு அமைந்துவிட்டது. ஆயினும் தொல்காப்பியர் புள்ளி உண்டு, இல்லை எனப் பிரித்ததும், வீரமாமுனிவர் சுழி உண்டு, இல்லை எனப் பிரித்ததும், கணினி 0, 1 எனப் பிரிப்பதும் ஒரே வேறுபாட்டைத்தான்.

ஒருங்குறி உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவில்லை. அகரமேறிய ‘க’ ஓர் எண். உயிர்க்குறி மற்றோர் எண். புள்ளியும் தனியே ஓர் எண். ஆகவே ‘ஆண்டிபட்டி’ என்னும் ஆறெழுத்துப் பெயர் பத்து எண்களாகிறது. இணையத்தில் பெரிதும் வழங்கும் முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் 3 பைட் இடம் கொள்வதால் அப்பெயர் 30 பைட் ஆகும். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்தில் 160 குறிகள் அடங்க, தமிழில் 70 மட்டுமே அடங்குவதும் குறுஞ்செய்திக்கென வகுத்த 7 பிட் குறித்தொகுதிக்கு வெளியே தமிழ் நிற்பதால்தான். மெய்யே முதல், அதனோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது என்பது தமிழ் இலக்கணம். ஒருங்குறியோ ‘க’வை முதலாகக் கொண்டு, புள்ளியைச் சேர்த்து ‘க்’ ஆக்குகிறது. இம்முறை தமிழின் இயல்புக்கு மாறானது என்னும் தமிழறிஞரின் குறையில் நியாயம் உண்டு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் தேவநாகரியை அடியொற்றி வகுத்த இஸ்கி என்னும் முந்தைய தரத்தை ஒருங்குறி அப்படியே பின்பற்றியதன் விளைவு இது.

மற்றொன்றையும் இங்கே அறியலாம். கையால் எழுதும்போது ‘தே’ என்பதில் கொம்பை முதலில் இட்டுப் பின்னர்த் ‘த’ எழுதுகிறோம். தட்டச்சுப் பொறியிலும் அவ்வாறே அடித்தோம். கணினியின் நினைவிலோ முதலில் ‘த’ நிற்கும். பின்னரே கொம்பு நிற்கும். ஒலிக்கும் முறையில் எண்களை வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் எழுத்துரு கொம்பை இடப்பக்கம் கொண்டு போகிறது. ஓகாரத்தில் இன்னுமொரு சிக்கல் உண்டு. ‘கோ’ என்பதை ‘க’வோடு 3019 சேர்த்தும் எழுதலாம், ‘க’வோடு 3015உம் காலுக்குரிய 3006உம் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணில் இரண்டும் வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கணினிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், ‘கோவில்’ என்று தேடுவோர்க்குப் பாதிக் கோவில்கள் அகப்படா.

சதுரகராதி காட்டிய அகரவரிசைக்கும் கணினியில் இடர் நேர்ந்தது. தமிழ் நெடுங்கணக்கில் னகரமே கடைசி மெய். எனவே அகராதியில் ‘மரம்’ முன்னும் ‘மனம்’ பின்னும் வரும். ஒருங்குறியில் நகரத்தை அடுத்து 2985இல் னகரம் அமர்ந்துவிட்டது. ரகரமோ 2992இல் உள்ளது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘மனம்’ முந்திவிடும். ளகரமும் ழகரத்துக்கு முன்னே நிற்கிறது. ஆகையால் பெயர்ப்பட்டியலைத் தமிழ்முறையில் அடுக்கக் கணினிக்குத் தனியே ஓர் அகரவரிசை அட்டவணை கற்பிக்கப்படுகிறது.

வடிவ மாற்றமும் எழுத்து மாற்றமும்

ஆண்டிபட்டி வட்டத்தில் 1959இல் திறக்கப்பட்டது வைகை அணை. ‘அணை’ என்னும் சொல்லின் இரண்டாம் எழுத்து அக்காலத்தில் இன்றுள்ள வடிவில் இல்லை. ணகரத்தின் மேலே யானையின் துதிக்கை போல் வளைந்த ஒரு சுழி ஏறியிருக்கும். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அவ்வாறே எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு வளைந்து இணைந்திருந்தது. இவற்றையும் பிற எழுத்துகளைப் போலவே எழுதலாம் என்று கூறித் தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழில் புதிய வடிவங்களை அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் ஆணை பிறப்பித்து அவற்றை ஏற்றது. அப்போது முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர்., 1984இல் இதே ஆண்டிபட்டித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பெரியாரின் சீர்திருத்தம் அச்சுக்கோப்பாளரின் சுமையைக் குறைத்தது. தட்டச்சுப் பொறிக்கும் எளிமை தந்தது. ஆனால் ஒருங்குறியின் எண்வரிசையில் அதற்கெனத் தனி இடம் இல்லை. துதிக்கை கொண்ட பழைய ‘ணை’ ஆயினும் இணைக்கொம்பு கொண்ட புதிய ‘ணை’ ஆயினும் கணினிக்கு 2979, 3016 என்னும் அதே இரண்டு எண்கள்தாம். எவ்வடிவில் காட்டுவது என்பது எழுத்துருவின் பணி. பழைய வடிவம் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தால், இன்று எழுதிய ‘வைகை அணை’யும் 1959இல் எழுதியது போலத் தோன்றும், உள்ளிருக்கும் எண் ஒன்றுகூட மாறாது.

வீரமாமுனிவர் செய்ததும் வடிவ மாற்றமாகவே தோன்றுகிறது. ஆயினும் அவர் தொட்டது ஓர் எழுத்தின் தோற்றத்தை அன்று. ஒன்றாய் மயங்கிக் கிடந்த இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டை. அதனால்தான் அவருடைய கோட்டுக்கும் சுழிக்கும் தனித்தனி எண்கள் கிடைத்தன. எழுத்துருவை எப்படி மாற்றினாலும் 3014, 3015 ஆகாது.

அவருக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகள் இன்று நூலகங்களில் மின்னணுப் படங்களாக எடுக்கப்பட்டு வருகின்றன. படம் எடுத்தால் சுவடி அழிவினின்று காக்கப்படும். ஆனால் அப்படத்தில் ஒரு சொல்லைத் தேட இயலாது. ஏனெனில் அது எழுத்தன்று, எழுத்தின் நிழல். தேட வேண்டுமாயின் ஒருவர் அமர்ந்து சுவடியைப் படித்து எண்களாக்க வேண்டும். படத்தில் கொம்பு ஒற்றையாகவே நிற்கிறது, புள்ளி இல்லை. ஐயத்தை அப்படியே விட்டுச்செல்ல ஓலையில் இயன்றது, கணினியில் இயலாது. இரண்டில் ஏதேனும் ஓர் எண்ணை இட்டே தீர வேண்டும். விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் சீரை அலகிட்டுப் பார்க்கிறார். முன்னும் பின்னும் உள்ள அடிகளின் பொருளை நோக்குகிறார். பிறகு எகரத்துக்கோ ஏகாரத்துக்கோ உரிய விசையை அழுத்திவிட்டு, அடுத்த கொம்புக்குச் செல்கிறார்.